வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாமல்: லெந்து நாட்களை வெளிவேஷமின்றி அனுசரிக்கும் முறை

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று ஆலயத்தில் வாசிக்கப்படும் சுவிசேஷ பாகம் மத்தேயு 6-ஆம் அதிகாரம். உபவாசிக்கும்போது முகவாடலாய் இராதேயுங்கள், தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவுங்கள் என்று அதில் இயேசு சொல்கிறார். சாம்பல் பூசும் வழக்கமுள்ள சபைகளில், அதை வாசித்த அதே ஆராதனையில் நெற்றியில் சாம்பலும் வைக்கப்படுகிறது. நீ மண் என்பதை மறக்காதே என்று சாம்பல் சொல்கிறது. அதை ஊருக்குக் காட்டிக்கொண்டு திரியாதே என்று வசனம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துக் கைக்கொள்வதுதான் லெந்து. ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் 40 நாள், சேர்த்தால் ஈஸ்டருக்கு முந்திய நாள் வரை 46 நாள். அந்த நாட்களில் தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் பிறர் கண்ணுக்காகச் செய்யாமல் இருப்பது எப்படி என்பதற்கான வழிமுறை இது.

முதலில் இரண்டு சொற்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் 'மாயக்காரர்' என்று இருப்பது கிரேக்கத்தில் மேடை நடிகரைக் குறிக்கும் சொல். கத்தோலிக்க வேதாகமத்தில் வரும் 'வெளிவேடக்காரர்' அந்தப் பொருளுக்கு இன்னும் கிட்டே நிற்கிறது. இரண்டாவது சொல், 'தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது' என்பது. அந்தக் காலத்துப் பாப்பிரஸ் ரசீதுகளில், முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக்கொடுக்கப் பயன்பட்ட வினைச்சொல் அது. தெருமுனையில் தாரை ஊதித் தர்மம் செய்தவனுக்குப் பாராட்டு கிடைத்துவிட்டது, ரசீதும் எழுதியாகிவிட்டது. இனி அவனுக்குப் பரலோகத்திலிருந்து வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை. எவ்வளவு பயங்கரமான வார்த்தை என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரிசேயர், அதாவது இயேசுவின் காலத்தில் வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினர், என்றாலே கெட்டவர்கள் என்று ஞாயிறு பள்ளியில் படிந்த எண்ணம் இந்த முயற்சிக்கு உதவாது. நிக்கொதேமு பரிசேயர், கமாலியேல் பரிசேயர், பவுலும் பரிசேயர்தான். பகட்டுக்காகப் பக்தி செய்யும் பரிசேயரை யூத ரபிமார்களே தங்கள் போதனைத் தொகுப்பான தல்மூதில் வகை வகையாகப் பிரித்துக் கண்டித்திருக்கிறார்கள். மத்தேயு 23-இல் பரிசேயரைக் கண்டித்து வரும் 'ஐயோ'க்கள் ஜனங்களையும் சீஷர்களையும் பார்த்துத் தொடங்கிய பேச்சில் வருகின்றன. ஆகவே அந்த அதிகாரத்தை வாசிக்கும்போது பக்கத்துச் சபையின் முகமோ, பக்கத்து மதத்தின் முகமோ மனதில் வந்தால் அங்கேயே நிறுத்தி, முதல் வசனத்திலிருந்து மறுபடி வாசியுங்கள்.

இயேசு மாயத்தைப் புளித்தமாவு என்றார் (லூக்கா 12:1). மாவில் கலந்த புளிப்பைப் பிரித்தெடுக்க முடியாது. மாவுக்கே தான் புளித்தது தெரியாது. அதனால் 'நான் தாழ்மையாக இருக்கிறேனா' என்று உள்ளுக்குள் தேடிப் பார்ப்பதில் பெரிய பலன் இல்லை. தாழ்மையான உணர்வை வரவழைக்கப் பாடுபடுவதும் வீண். பார்வையாளர்கள் இல்லாதபடி காரியங்களை ஏற்பாடு செய்வது நம் கையில் இருக்கிறது. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அப்படிப்பட்ட ஏற்பாடுகள்.

சாம்பல் புதனுக்கு முந்தின வாரம்

இந்த வாரத்தில் மூன்று வேலை.

ஒன்று, பாக்கிகளைத் தீர்ப்பது. கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலம் வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது லேவியராகமம் 19:13. வீட்டு வேலைக்கு வருகிறவருக்குத் தரவேண்டிய சம்பளம், பெயின்டருக்கு இழுத்தடித்துக்கொண்டிருக்கும் கடைசித் தவணை, தம்பியிடம் வாங்கி அவனும் கேட்காமல் நீங்களும் பேசாமல் இருக்கும் பணம், எல்லாவற்றையும் எழுதிக் கணக்குப் பாருங்கள். முழுதும் கொடுக்க முடியாவிட்டால் எந்தத் தேதிக்குள் கொடுப்பேன் என்று அவர்களிடமே போய்ச் சொல்லுங்கள். பாக்கி வைத்த பணத்திலிருந்து காணிக்கை போடுவது அடுத்தவர் பணத்தில் தர்மம் செய்வதாகும்.

இரண்டு, மனஸ்தாபம். உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூருவாயானால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5. 'உன்பேரில் அவனுக்குக் குறை' என்றுதான் இருக்கிறது, 'அவன்பேரில் உனக்குக் குறை' என்று இல்லை. பலரும் இதைத் திருப்பிப் படித்துவிட்டு, 'நான் எல்லாரையும் மன்னிச்சிட்டேன்' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். யாருக்கு உங்கள்மேல் வருத்தம் இருக்கிறதோ அவர்களில் ஒருவரைப் பார்க்கப் போங்கள். வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்காதீர்கள். போக முடியாத தூரமென்றால் போன் பண்ணுங்கள். 'நான் அப்படிச் செஞ்சது தப்பு' என்பதோடு நிறுத்துங்கள். அதன்பின் 'ஆனா' என்ற சொல் வந்தால் மன்னிப்பு வாக்குவாதமாக மாறிவிடும்.

மூன்று, ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுப்பது. முழு இரகசியம் ஆபத்தானது. யாருக்கும் தெரியாமல் நல்லது செய்கிறேன் என்ற எண்ணமே உள்ளுக்குள் ஊதிப் பெருகும். யாருக்கும் தெரியாததால் பாதியில் விட்டுவிடவும் வசதி. உங்களை மெச்சாத, உங்களிடம் உதவி எதிர்பார்க்காத, வாயைக் கட்டத் தெரிந்த ஒருவரிடம் மட்டும் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். போதகரைவிடச் சபையில் வயதான ஒரு பாட்டியோ, பழைய நண்பரோ மேல். உங்களுக்குக் கீழே வேலை செய்பவராக இருக்கக் கூடாது. அவரால் உண்மை பேச முடியாது.

தர்மம்

எவ்வளவு என்பதற்கு ஆதிச் சபையிலேயே நல்ல அளவுகோல் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் ஹெர்மாஸ் எழுதிய 'மேய்ப்பன்' நூலில், உபவாச நாளில் சாப்பிடாமல் மிச்சமான உணவின் விலையைக் கணக்கிட்டு விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இதைச் செய்வது எளிது. காலைச் சாப்பாடும் மாலை டீயும் பலகாரமும் விடுகிறீர்கள், அதன் செலவு 80 ரூபாய் என்று வையுங்கள். 40 நாளுக்கு 3,200. வீட்டில் நாலு பேர் சேர்ந்தால் 12,800. இந்தக் கணக்கைப் போடாவிட்டால் உபவாசம் வீட்டுச் செலவைக் குறைக்கும் வழியாகப் போய்விடும், கவனம்.

தினமும் ராத்திரி அந்தத் தொகையை ஓர் உறையில் போடுங்கள். உறைமேல் பெயர் எழுத வேண்டாம், கூட்டுத்தொகையும் எழுத வேண்டாம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்றால், கொடுத்தவரே எண்ணி எண்ணிப் பார்க்கக் கூடாது என்றும் அர்த்தம். ஜிபேயில் அனுப்பினால் உங்கள் பெயர் போய்விடும். அதனால் இந்த ஒன்றுக்கு ரொக்கமே நல்லது.

கொடுக்கும் இடத்தில்தான் சறுக்கல் அதிகம். ஏசு நாதர் காலத்து எருசலேம் தேவாலயத்தில் தாரை வடிவில் வாய் வைத்த 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. அந்தப் பெட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்துதான் ஏழை விதவை போட்ட இரண்டு காசை இயேசு கவனித்தார். அந்த இரண்டு காசும் சேர்ந்து ஒரு நாள் கூலியான தெனாரியத்தில் 64-இல் ஒரு பங்கு. 640 ரூபாய் தினக்கூலி வாங்குகிறவருக்கு 10 ரூபாய் மாதிரி. அதே மிஷ்னா இன்னொன்றையும் சொல்கிறது. தேவாலயத்தில் 'அந்தரங்க அறை' என்று ஒன்று இருந்தது. தேவபயமுள்ளவர்கள் அதில் இரகசியமாகப் போடுவார்கள். வாழ்ந்து கெட்ட குடும்பத்து ஏழைகள் அதிலிருந்து இரகசியமாகப் பெறுவார்கள். கொடுத்தவருக்கு வாங்கியவரைத் தெரியாது, வாங்கியவருக்குக் கொடுத்தவரைத் தெரியாது.

இதை எந்தச் சபையிலும் இந்த லெந்திலேயே தொடங்கலாம். பூட்டுள்ள பெட்டி ஒன்று வேண்டும். எல்லாரும் நடந்து போகும் வழியில், ஆனால் யாரும் உட்கார்ந்து பார்க்காத இடத்தில் வையுங்கள். வாசலில் வைத்தால் போதகர் கைகுலுக்கும் நேரத்தில்தான் எல்லாரும் போடுவார்கள். கழிப்பறைக்கோ வண்டி நிறுத்தும் இடத்துக்கோ போகும் நடை நல்லது. இரண்டு சாவி, இரண்டு பேர், அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண். ஆண்களிடம் சொல்ல முடியாத கஷ்டங்கள் நிறைய இருக்கின்றன. பணத்தை இருவரும் சேர்ந்தே எண்ண வேண்டும். கணக்குப் புத்தகத்தில் தேதி, தொகை, 'மருந்து', 'பள்ளிக் கட்டணம்', 'வாடகை' என்று தேவை, இவ்வளவும் இருக்கட்டும். வாங்கியவர் பெயருக்குப் பதில் ஒரு எண். ஆண்டுத் தணிக்கைக்கு இது போதும். சில மாதத்தில் ஒரு பெரிய மனிதர் வந்து, 'யாருக்குப் போகுதுன்னு தெரிஞ்சா நான் கூடவே போடுவேன்' என்பார். சொல்லக் கூடாது. அவருடைய தொகை வராமல் போனாலும் பரவாயில்லை. சொன்ன அன்றோடு வாங்க வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள்.

நம் ஆலயங்களில் ஃபேன் இறக்கையிலும் டியூப்லைட்டிலும் பெஞ்சு முதுகிலும் பெயர் எழுதும் வழக்கம் இருக்கிறது. இறந்துபோன தாயாரின் நினைவாக வைத்த பெயரைப் போய் அழிக்கச் சொல்ல மனம் வராது, சொல்லவும் வேண்டாம். இனி நீங்கள் கொடுப்பதில் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள், அது போதும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுக்கும் சந்தோஷம் பண்டிகையின் பகுதி, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை லெந்து தர்மக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கான பலன் கைதட்டலாகக் கிடைத்தாயிற்று.

ஆதிச் சபையில் நிலத்தை விற்றுப் பணம் கொண்டுவந்த தம்பதியான அனனியாவும் சப்பீராளும் செத்தது குறைவாகக் கொடுத்ததால் அல்ல. நிலம் உன்னுடையதுதானே, விற்ற பணமும் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுருவே கேட்கிறார். ஒரு பங்கைக் கொடுத்து முழுதும் கொடுத்ததாகக் காட்டியதுதான் குற்றம். சாட்சி சொல்லும்போது இதே குற்றம் எளிதாக நேர்கிறது. 'எல்லாத்தையும் விட்டுட்டு ஊழியத்துக்கு வந்தேன்' என்று சொல்லும் வாய், வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டு வீட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முடியாதென்றால் 'எல்லாத்தையும்' என்ற சொல்லை விட்டுவிடலாம்.

ஜெபம்

'உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி' என்ற இடத்தில் வரும் அறை, சாமான் வைக்கும் கிடங்கறை. கலிலேயாவின் எளிய வீட்டில் கதவடைக்கக்கூடிய உள்ளறை அநேகமாக அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். எண்ணெய்ச் சாடிக்கும் தானியத்துக்கும் நடுவில் போய் நில் என்கிறார். ஒற்றை அறை வீட்டில் இருப்பவர்கள், இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு என்று விட்டுவிட வேண்டாம். மொட்டை மாடிப் படியின் மேல்கட்டு, பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை, பிள்ளைகள் தூங்கியபின் சமையலறைத் தரை, எதுவும் ஆகும். பார்க்கிறவருக்கு நீங்கள் ஜெபிப்பது தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

நேரம் 15 நிமிடம் போதும். முதல் 5 நிமிடம் ஒன்றும் பேசாமல் இருங்கள். மனம் சந்தைக்கடையாக இருக்கும், இருக்கட்டும். பிறகு, இயேசு சொன்ன உவமையில் வரி வசூலிக்கும் ஆயக்காரனின் ஜெபம்: 'தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.' தமிழில் நாலே வார்த்தை. 'பாவியாகிய' என்று சொல்லும்போது நேற்றைய ஒரு காரியத்தைக் குறிப்பாக நினையுங்கள்: யாரிடம், என்ன சொன்னேன், எந்த நேரத்தில். குறிப்பில்லாத பாவ அறிக்கைக்கு எடையில்லை. 'நாங்கள் தூசியும் சாம்பலும், ஒன்றுக்கும் உதவாத பாத்திரங்கள்' என்று மூச்சுவிடாமல் சொல்ல எல்லாருக்கும் வரும். 'செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் அந்தப் பையன் செய்த வேலையை நான் செய்ததாகச் சொன்னேன்' என்று சொல்லத்தான் தொண்டை அடைக்கும். மீதி நேரம் மற்றவர்களுக்காக.

கூட்டத்தில் ஜெபிக்க அழைக்கப்பட்டால் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். குரல் மாறுகிறதா என்று கவனியுங்கள். வீட்டில் பேசாத ஒரு குரலும் நீட்டலும் மேடையில் வந்தால், அது நடிகரின் முகமூடி. தேவனைப் பார்த்துப் பேசுவதுபோல் சபையாருக்குப் புத்தி சொல்வது ஜெபம் ஆகாது. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அடுத்தவர் வீட்டுச் செய்தி பரவுவது இதைவிடக் கொடுமை. 'அவங்க குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கங்க, பொண்ணு விஷயம்' என்று சொன்ன மாத்திரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சம்பந்தப்பட்டவர் அனுமதி தந்தால் பெயரைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் 15 நிமிடத்தில் ஜெபியுங்கள், தேவனுக்குப் பெயர் தெரியும்.

உபவாசம்

பரிசேயர் வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும் உபவாசித்தார்கள். ஆதிச் சபையின் ஒழுங்கு நூலான திதாக்கே, மாயக்காரரோடு சேர்ந்து அந்த நாட்களில் உபவாசிக்க வேண்டாம், புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள் என்று சொல்கிறது. சபைக்கு ஒரு பொது ஒழுங்காக அது நல்லதே. ஆனால் கிழமை மாறியதால் மட்டும் மாயம் போகாது என்பதை அடுத்து வந்த நூற்றாண்டுகள் நன்றாகவே காட்டிவிட்டன.

உடம்பைப் பொறுத்தவரை: சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சாப்பாட்டோடு மருந்து சாப்பிட வேண்டியவர்கள் சாப்பாட்டை விடக் கூடாது. அவர்கள் வேறொன்றை விடட்டும். சீரியல், கடை பலகாரம், ஆன்லைனில் வாங்குவது. இதில் குறைவு ஒன்றுமில்லை. சபையில் 'நீங்க உபவாசமா?' என்று ஒருவரையொருவர் கேட்கும் வழக்கத்தையே நிறுத்த வேண்டும். அந்தக் கேள்விக்கு நோயாளி தன் நோயைச் சொல்ல வேண்டியிருக்கிறது, மற்றவர் தன் பக்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காபி, டீ பழக்கமுள்ளவர்கள் அதைத் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாள் தலைவலி மண்டையைப் பிளக்கும், எரிச்சல் வரும், பிள்ளைகள்மேல் பாயும். ஒரு வாரம் முன்பிருந்தே ஒரு வேளையைக் குறைத்து வாருங்கள். உபவாச நாளில் தண்ணீர் வழக்கம்போல் குடியுங்கள். வெறும் வயிற்றில் வாய் நாற்றம் வரும்; பல் துலக்கி, தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சட்டை போடுங்கள். 'தலைக்கு எண்ணெய் பூசி, உன் முகத்தைக் கழுவு' என்ற கட்டளையை அப்படியே எழுத்தின்படி செய்ய முடிவது எவ்வளவு நல்ல காரியம்!

யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டால் பொய் சொல்ல வேண்டாம், 'வயிறு சரியில்லை' என்பதெல்லாம் வேண்டாம். 'இப்ப வேணாம், நாளைக்கு வர்றேன்' என்று சொல்லி மறுநாள் மறக்காமல் போங்கள். வற்புறுத்தினால் குடித்துவிடுங்கள். ஒருவருடைய அன்பைத் தள்ளிவிடுவதைவிட உபவாசம் முறிவது மேல். முறிந்ததைச் சொல்லி வருத்தப்பட்டுக்கொள்ளவும் வேண்டாம், அதுவும் அறிவிப்புதான்.

ஏசாயா 58-ஐ லெந்து தொடங்கும்முன் ஒருமுறை முழுதும் வாசியுங்கள். உபவாச நாளிலே உங்கள் இஷ்டப்படி நடக்கிறீர்கள், வேலைகளையெல்லாம் கட்டாயமாய்ச் செய்விக்கிறீர்கள் என்று தீர்க்கதரிசி குற்றம் சாட்டுகிறார். இது நம் சமையலறையில் நடக்கிறது. ஐயா மாலை ஆறு மணிக்கு உபவாசம் முடிப்பார் என்று அம்மா மூன்று மணியிலிருந்து நின்றுகொண்டே ஆப்பமும் தேங்காய்ப்பாலும் பஜ்ஜியும் செய்கிறாள். அவளும் காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதைக் கேட்க ஆளில்லை. இதற்கு ஒரே விதி: உபவாசிப்பவர் முடிக்கும்போது சாப்பிடுவது காலையில் வடித்த கஞ்சியும் துவையலும், அல்லது அவரே செய்தது. அன்று பாத்திரம் கழுவுவதும் அவரே.

கொசுவும் ஒட்டகமும்

இதுவரை சொன்னதெல்லாம் சுத்தமாகச் செய்து முடித்தாலும் ஒருவர் மாயக்காரராகவே இருக்கலாம். 'ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும்' தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்றார் இயேசு. கொசு போகாதபடி துணியில் வடிகட்டிக் குடிப்பவர்கள் ஒட்டகத்தை விழுங்குகிறார்கள். கொசுவைக் கண்டுபிடிக்க நமக்குத் தெரியும். ஒட்டகம் பெரியதாக இருப்பதால்தான் வீட்டுச் சுவர்போலத் தெரிகிறது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அந்த ஒட்டகம் எது என்று தேடி அலைய வேண்டியதில்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்திய சபைகளில் சாதி வேற்றுமை உறுதியாக, உடனே, முடிவாகக் கைவிடப்பட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தனித்தனியாக உட்கார்வதும், நற்கருணைக்குத் தனித்தனியாக வருவதும் அன்றைய பிரச்சினைகள். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு வந்தது. பலர் சபையை விட்டே போனார்கள். ஏறக்குறைய 200 வருஷம் ஆகப்போகிறது. கல்லறைத் தோட்டத்திலும், கமிட்டித் தேர்தலிலும், 'விசுவாசமுள்ள குடும்பம்' என்று தொடங்கிச் சாதியில் முடியும் மணமக்கள் விளம்பரத்திலும் அது உயிரோடு இருக்கிறது. இதைத் தொடாமல் 40 நாள் கறி மீன் விடுவதில் என்ன இருக்கிறது?

ஒரு லெந்துக்கு ஒரு ஒட்டகம் போதும். சமையலறையிலிருந்து தொடங்குங்கள். பல வீடுகளில் ஜன்னல் ஓரத்திலோ பின்வாசல் கட்டையிலோ ஒரு தம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். விளிம்பு நசுங்கி, மற்றவற்றைவிட மங்கிப்போன எவர்சில்வர். வேலைக்கு வரும் அம்மாவுக்கு அதில்தான் காபி. யாரும் அதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள்; பிள்ளைகள்கூட அதை எடுப்பதில்லை. அதை எடுத்துக் கழுவி மற்றத் தம்ளர்களோடு அடுக்குங்கள். மறுநாள் காலை உங்கள் காபியை அதில் குடியுங்கள், அந்த அம்மாவுக்கு உங்கள் தம்ளரில் கொடுங்கள். அவர் தயங்கினால் விளக்கம் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். 'ஆறிடும்மா, குடிங்க' என்றால் போதும். வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் அவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்லுங்கள், அந்த அம்மா முன்னால் வேண்டாம். பிறகு, குருத்தோலை ஞாயிற்றுக்குள், உங்கள் சபையிலேயே நீங்கள் இதுவரை வாசல்படி ஏறாத ஒரு வீட்டுக்குப் போய் அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள், அவர்களையும் அழையுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். இதைச் சாட்சியாகச் சொல்லாதீர்கள். சமமாக நடத்தியதைப் பெருமையாகச் சொன்னால், அவர்களைக் கீழே வைத்திருந்ததை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும்.

உங்கள் ஒட்டகம் வேறாக இருக்கலாம். சீதனம், வட்டி, வேலைக்காரர் சம்பளம். கண்டுபிடிக்க ஒரு வழி: உங்கள் வளர்ந்த பிள்ளையிடம், 'நான் சர்ச்சில் பேசுறதுக்கும் வீட்டில் நடக்கிறதுக்கும் எங்க ஒத்துவரலை?' என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை வாய் திறக்காமல் இருங்கள்.

பெரிய வியாழன்: கால் கழுவுதல்

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய யோவான் 13-ஐ நடித்துக் காட்டும் ஆராதனையே நாடகமாகிவிடும் அபாயம் உண்டு. 12 பேருக்குச் செய்வதானால் இரண்டு பேசின், ஆளுக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், ஆளுக்கு ஒரு துண்டு, அழுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பக்கெட், டைல்ஸ் தரையில் வழுக்காமல் இருக்கக் கோணிச்சாக்கு. தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குச் சூடு உறைக்காது, புண்ணாகிவிடும். காலில் காயம் இருப்பவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். வயதானவர்களுக்கு முதுகு சாயும் நாற்காலி.

சபையின் முக்கியஸ்தர்கள் 12 பேரைப் பொறுக்கி உட்கார வைப்பதுதான் வழக்கமான தவறு. அவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருகிறார்கள், போதகர் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுகிறார், செல்போன்கள் உயருகின்றன. ஆலயத்தைப் பெருக்குகிறவர், வாட்ச்மேன், கடைசிப் பெஞ்சில் தனியாக உட்காரும் பாட்டி, இவர்கள் முன்வரிசைக்கு வரட்டும். ஒரு வாரம் முன்பே தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள், மேடையில் திடீரென்று அழைக்காதீர்கள். குதிகால், விரலிடுக்கு எல்லாம் கழுவித் துடையுங்கள். செல்போன்களைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். 'நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்' என்று இருப்பதால், முடிவில் போதகரும் உட்காரட்டும், அவர் காலை அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் கழுவட்டும். கழுவுவதைவிடக் கழுவக் கொடுப்பது கஷ்டம், பேதுருவுக்கே அப்படித்தான் இருந்தது. ஆராதனை முடிந்தபின் அந்தப் பேசின்களையும் சாக்கையும் கழுவிக் காயப்போடுவது கமிட்டியின் வேலை. அதை ஆலயத்தைப் பெருக்குகிறவர் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை

ஆரம்பத்தில் தேர்ந்தெடுத்த அந்த ஒருவரோடு கால் மணி நேரம் உட்காருங்கள். எந்த நாட்களில் விட்டுவிட்டீர்கள், எங்கே வாய்தவறிச் சொல்லிக்கொண்டீர்கள், யாரிடம் போக நினைத்துப் போகாமல் விட்டீர்கள், மூன்றையும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டதை அவர் கேட்கட்டும். பாக்கி எழுதிய தாளில் தீராதது இருந்தால் தேதியைப் புதுப்பியுங்கள். தீர்ந்திருந்தால் தாளைக் கிழித்துப் போடுங்கள். உறையைப் பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.

மறுநாள் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, 'இந்தத் தடவை லெந்து எப்படிங்க போச்சு?' என்று யாராவது கேட்பார்கள். 'நல்லபடியா போச்சு' என்று சொல்லிவிட்டு, அவரை மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள்.